நிற்கும் வகை

மூன்று வாரமாக அந்த வண்டி எங்கும் நிற்கவில்லை.

காலை ஆறரைக்குத் தெருமுனையிலிருந்து கிளம்பும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் பாலத்தின் கீழே போகும். மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும். பத்தொன்பது வருடம் அந்த வாசலில் வரிசையில் நின்ற டாக்ஸி. இப்போது அதே வரிசையை உரசுகிற மாதிரி மெதுவாகக் கடந்து போகிறது. நின்றால் செக்கிங்காரர் வந்துவிடுவார். எதுவும் பேசமாட்டார். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நீல ஸ்டிக்கரை விரலால் இரண்டு தட்டு தட்டுவார்.

வரிசையில் நிற்கும் ஒருவரின் பட்டப்பெயர் 'பிரேக்'. சவாரியில் இருப்பவர்கள் முன்சீட்டில் போய் இடித்துக்கொள்ளும்படி பிரேக் போடுவார் என்பதால் வந்த பெயர். அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று சொல்வார்.

"என்னண்ணே, ஆஸ்பத்திரியை அளந்து முடிச்சிட்டீங்களா?"

அடுத்த சுற்றில், "அண்ணே, இப்பதானே போனீங்க. எதையாவது மறந்து வெச்சிட்டீங்களா?"

டிரைவர் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் வண்டி பாலத்தின் கீழே போயிருக்கும்.

புதுச் சட்டம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வாடகைக்கு ஓடும் கார்கள் எல்லாம் இனி இரண்டே வகை. ஒரு வகைக்கு மஞ்சள் ஸ்டிக்கர். அது ஸ்டாண்டில் நிற்கலாம், தெருவில் யார் கை காட்டினாலும் ஏற்றலாம், மீட்டர் போட வேண்டும். இன்னொரு வகைக்கு நீலம். அது போனில் முன்பதிவு செய்தவர்களை மட்டும்தான் ஏற்ற வேண்டும். ஸ்டாண்டுக்கு முந்நூறு மீட்டர் பக்கத்தில் நிற்கக் கூடாது. கை காட்டினால் நிறுத்தக் கூடாது. ஒருமுறை எழுதிக் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு அதுதான். திருத்த வேண்டுமென்றால் முப்பது நாள் கெடு. அந்த முப்பதில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

விண்ணப்பத்தில் முதல் வகைக்கு 'நிற்கும் வகை' என்றும் இரண்டாவதற்கு 'ஓடும் வகை' என்றும் பெயர் போட்டிருந்தார்கள்.

விண்ணப்பத்தை நிரப்பியது அவர் மனைவி. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் அவளிடம்தான் போகும். அன்று ஞாயிற்றுக்கிழமை. டிரைவர் வாசலில் வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். செருப்பில்லாத இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவள் படியில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன் மேல் தாளை வைத்து எழுதினாள்.

"என்னங்க, ஒன்பதாவது கேள்வி. நிற்கும் வகையா, ஓடும் வகையான்னு கேட்டிருக்கு."

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இது ஒரு கேள்வியா? ஓடுற வண்டிதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பேனாவுல போடுறேன்."

"யோசிக்க என்ன இருக்கு? நேத்து முழுக்க ஓடியிருக்கு. நிக்கிற வண்டின்னு எழுதினா பர்மிட்டையே பிடுங்கிட்டுப் போயிடுவான்."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான்கு வருடத்துக்கு முன் கியர்பாக்ஸ் போய் வண்டி நாற்பது நாள் வாசலில் கிடந்தது. அப்போது யார் கேட்டாலும் அவள் சொன்ன பதில், "வண்டி நிக்குது." அதைச் சொல்லும்போது குரல் தானாக இறங்கிவிடும். கேட்டவர்களும், "அப்படியா, எப்ப ஓடும்?" என்று தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். டாக்ஸிக்காரர் வீட்டில் நிக்குது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஓடும் வகைக்கு எதிரே இருந்த கட்டத்தில் பேனாவை அழுத்தி டிக் போட்டாள். பின்பக்கத்தில் அச்சு பதிந்தது.

டிரைவரின் தங்கை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். மறுநாள் மூன்று பிரதி எடுத்து, பின் அடித்து, அவள்தான் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். நீல ஸ்டிக்கர் வந்த அன்று அண்ணி கேட்டாள், "நீயாவது ஒரு தடவை படிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா?"

"அண்ணி, நான் ஜெராக்ஸ் எடுக்கிறவ. படிக்க ஆரம்பிச்சா ஒரு நாளைக்கு பத்து தாள் தாண்டாது."

ஆனால் அன்று இரவு சாப்பாட்டில் அவள் கை சரியாகப் போகவில்லை.

*

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், நான்காவது மாடியில், மனைவிக்கு வேலை. சலவைப் பிரிவு. வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, ரத்தக் கறை இருப்பதைத் தனியாக ஊறப்போட்டு, மெஷினில் சுழன்று வந்ததை மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். பிளீச்சிங் வாடை அவள் விரல்களிலேயே தங்கிவிட்டது. வீட்டில் முட்டை உரித்தால் முட்டையிலும் அது இருக்கிறது என்பார் டிரைவர்.

மொட்டை மாடியிலிருந்து வாசல் தெரியும். முன்பெல்லாம் அவள் கொடியில் விரிப்பை உதறும்போது கீழே பார்ப்பாள். வரிசையில் அவர் வண்டி எத்தனையாவது என்று பார்த்துவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பாள். வண்டி இல்லையென்றால் சவாரி போயிருக்கிறது. அதுவும் நல்லதுதான்.

இப்போது வண்டி வருவதும் போவதுமாக இருந்தது. கூரை மேல் இருந்த டாக்ஸி விளக்கைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள். மேலிருந்து பார்த்தால் அவை தெரியாது, ஆனால் அவளுக்குத் தெரிந்தன. அன்று காற்று நின்று போயிருந்தது. விரிப்புகள் அசையாமல் தொங்கின. கீழே அந்த ஒரு வண்டிதான் அசைந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் பதினான்கு முறை. பதினைந்தாவது சுற்றுக்கு வண்டி வரத் தாமதமானபோது அவள் கொடியில் இருந்த விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தாள். வந்த பிறகும் அதை விடவில்லை.

"அக்கா, அந்த விரிப்பு காஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு" என்றாள் கூட வேலை செய்கிறவள். "நீங்க இன்னும் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க."

சாயந்திரம் டிரைவர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. இப்போதெல்லாம் அவரால் உட்கார முடிவதில்லை. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தார்.

"உக்காந்து சாப்பிடுங்க."

"உக்காந்தேதானே இருக்கேன் நாள் முழுக்க."

தங்கை அவருடைய போனை எடுத்துப் பார்த்தாள். முன்பதிவுக்கான செயலியை அவள்தான் ஏற்றிக் கொடுத்திருந்தாள். "அண்ணே, இன்னைக்கு ஒன்பது சவாரி வந்திருக்கு. நீ ஒண்ணைத்தான் எடுத்திருக்க."

"பதினஞ்சு செகண்டு தர்றான். நான் வண்டியை ஓரங்கட்டி, பாக்கெட்டிலேருந்து கண்ணாடியை எடுத்து, மூக்குல மாட்டிப் பார்க்குறதுக்குள்ள வேற எவனோ தூக்கிட்டுப் போயிடுறான்."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டே ஓட்டு."

"அது கிட்டத்துல படிக்கிறதுக்குக் குடுத்தது. அதைப் போட்டா ரோடு தெரியாது. கண்ணாடி போட்டா போன் தெரியும், கழட்டினா ரோடு தெரியும். நீ எதைப் பார்க்கச் சொல்ற?"

தங்கை சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு தட்டை அலமாரி மேல் வைத்தார்.

"இன்னைக்கு ஒரு அம்மா. கால்ல மாவுக்கட்டு. எக்ஸ்ரே கவரைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, கேட்டுக்கு வெளியே வந்து கை காட்டினாங்க. ஸ்டாண்டுல வண்டி ஒண்ணும் இல்ல, எல்லாம் போயிடுச்சு. நான்தான் வர்றேன். என்னைத்தான் பார்த்தாங்க."

"நிறுத்தினீங்களா?"

"செக்கிங்காரர் எதிர்ல நிக்குறார். நான் இப்படிக் கையை ஆட்டிட்டுப் போயிட்டேன்." அவர் கையை ஆட்டிக் காட்டினார். "சுத்தி வந்தேன். அப்பவும் அங்கேயே நிக்குறாங்க. மறுபடியும் கையைத் தூக்கினாங்க. என்னைப் புது வண்டின்னு நெனச்சிருப்பாங்க. மூணாவது சுத்துல கை தூக்கல. முறைச்சுப் பார்த்தாங்க."

வெளியே மழை வருவது போல் இருட்டியது. பிறகு வராமல் வெளுத்தது. ஒரு வாரமாக இப்படித்தான்.

"நான் டிக் போட்டதுதான் தப்பு" என்றாள் மனைவி.

"நீ ஏன் போட்ட? நான் சொன்னேன்ல, அதான் போட்ட."

"நான் ரெண்டாம் தடவை கேட்டிருக்கணும்."

"கேட்டியே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டியே. நான்தான் துள்ளினேன்."

"அதுக்காக நீங்க தலையில எடுத்துக்க வேண்டாம்."

"நீ ஏன் எடுத்துக்கிற?"

"போதும்பா" என்றாள் தங்கை. "தப்பை ஆளுக்குப் பாதி வெச்சுக்குங்க. பின் அடிச்சவ நான், எனக்கும் கொஞ்சம் குடுங்க. நாளன்னைக்கு கெடு முடியுது. அதுக்கு என்ன வழி?"

டிரைவர் இரண்டு முறை அலுவலகத்துக்குப் போய்வந்திருந்தார். முதல் முறை, 'தவறுதலாகக் குறித்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தார். கிளார்க் திருப்பிக் கொடுத்துவிட்டான். "தவறுதலாகங்கிறது காரணம் இல்ல. நீலம் வாங்கிப் பார்த்துட்டு, தோதுப்படலன்னு மஞ்சளுக்கு ஓடி வர்றாங்க. நாளைக்கு மஞ்சள் தோதுப்படலன்னு நீலத்துக்கு வருவாங்க. சரியான காரணம் இருந்தா எழுதுங்க." இரண்டாவது முறை டிரைவர் வரிசையில் நின்றபடியே தானாக ஒரு காரணம் எழுதினார். அதைப் படித்த கிளார்க் பக்கத்து மேஜைக்காரனையும் கூப்பிட்டுக் காட்டினான். 'எனக்கு ஸ்டாண்டில் நிற்கப் பிடிக்கும்' என்று எழுதியிருந்தார்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றாள் மனைவி.

"வந்து?"

"அந்தத் தாள்ல டிக் போட்டது நான். என்ன நெனச்சுப் போட்டேன்னு நான்தானே சொல்லணும்."

*

அலுவலக வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பழைய ஜீப். முன்சக்கரம் ஒன்று இல்லை. அந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தது. அதற்கு அடியில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் படுத்திருந்தார். டிரைவர் தன் வண்டியை அதன் பக்கத்தில் விட்டார். இங்கே நிற்பதற்குத் தடை இல்லை. ஆனாலும் இறங்கியபின் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

மாடிப்படி முழுவதும் வரிசை. டிரைவர்கள், அவர்களுடைய மகன்கள், ஒருவருடைய மருமகன். சுவரில் சாய்ந்தால் சுண்ணாம்பு ஒட்டியது. வரிசை நகராத நேரத்திலும் டிரைவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார்.

"ஒரு இடத்துல நில்லுங்களேன்."

"வரலையே."

பின்னால் நின்ற வயதானவர் எட்டிப் பார்த்தார். ஒரு பக்கக் கன்னம் மட்டும் வெயிலில் கறுத்திருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும்.

"நீங்களும் ஒன்பதாவது கேள்வியா?" என்று கேட்டார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கும் அதானா?"

"பின்னே? என் வண்டி நிக்குதுன்னு என் வாயால எழுதிக் குடுப்பனா? பேரன் பேனாவை வெச்சுக்கிட்டு நிற்கும் வகைன்னு போடப் போனான். அபசகுனமா எழுதாதடான்னு நான்தான் கையைத் தட்டிவிட்டேன்."

அவருக்குப் பின்னால் நின்றவரும் தலையை நீட்டினார். அவரும் அதே கேள்விதான்.

அதிகாரியின் அறைக்குள் இவர்கள் போனபோது பதினொன்றே முக்கால். அதிகாரி நாற்பது வயதுள்ள பெண். மேஜையில் விண்ணப்பங்கள் அடுக்கடுக்காக இருந்தன. மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஏதாவது ஒரு பொருள். ஸ்டேப்ளர், தண்ணீர் டம்ளர், ஒரு பழைய மீட்டர்.

"உக்காருங்க" என்றார்.

மனைவி உட்கார்ந்தாள். டிரைவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காரணம் என்ன?"

"மேடம், அந்த வார்த்தை எங்களுக்குத் தப்பாப் புரிஞ்சிடுச்சு" என்றாள் மனைவி. குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

அதிகாரியின் முகம் சற்றே சிவந்தது. "எந்த வார்த்தை? நிற்கும், ஓடும். இதுல புரியாம போக என்ன இருக்கு? மேலே இருந்து வந்தது என்ன தெரியுமா? 'பொது அழைப்பு வாடகை ஊர்தி', 'முன்னேற்பாட்டு வாடகை ஊர்தி'. இதைப் படிச்சா யாருக்குப் புரியும்? நான்தான் ராத்திரி பகலா உக்காந்து, சின்னப் பிள்ளைக்கும் விளங்குற மாதிரி மாத்தினேன். ஸ்டாண்டுல நிற்குற வண்டி, நிற்கும் வகை. அழைச்சா ஓடி வர்ற வண்டி, ஓடும் வகை."

"நல்ல வார்த்தைதான் மேடம்" என்றார் டிரைவர். நிஜமாகவே சொன்னார்.

"அப்புறம் என்ன? இங்க பாருங்க, நான் கெடுபிடிக்காக இதைச் செய்யல. போன வருஷம் யாரோ ஒருத்தன் ஆஸ்பத்திரி ஸ்டாண்டுல சும்மா வந்து நின்னான். பர்மிட் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு பொண்ணு ஏறிச்சு, எங்கேயோ இறக்கி விட்டுட்டான். நிக்கிறவன் யார், ஓடுறவன் யார்னு எனக்குத் தெரியணுமா இல்லையா?"

"தெரியணும் மேடம்" என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரியில வேலை பார்க்குறேன். அந்தப் பொண்ணு அழுததை நானும் பார்த்தேன்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் உங்களை நம்புறேம்மா. ஆனா தாள்ல எழுத எனக்கு ஒரு காரணம் வேணும். 'புரியல'ன்னு எழுதினா, படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எப்படிப் புரியாம போச்சுன்னு என்னைக் கேப்பாங்க. எனக்கு பன்னெண்டுக்கு மீட்டிங் வேற." போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார். "என்னப்பா, கிளம்பணும். ஜீப் என்ன ஆச்சு? ஓடுதா, இல்ல இன்னும் நிக்குதா?"

மூலையில் உட்கார்ந்திருந்த கிளார்க் தலையைத் தூக்கினான். டிரைவரின் கை நாற்காலியின் முதுகில் இறுகியது. போனுக்குள்ளிருந்து குரல் எல்லோருக்கும் கேட்டது. "நிக்குது மேடம். நிக்குது."

"மேடம்" என்றாள் மனைவி, மெதுவாக. "இதேதான். எங்க வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில படுத்திருந்தார். நான் படியில உக்காந்து இதேதான் கேட்டேன்."

அதிகாரி போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். போனுக்குள் அந்தக் காக்கிச் சட்டைக்காரர், "மேடம்? மேடம்?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி போனைக் கீழே வைத்தார். ஸ்டேப்ளரைத் தூக்கிவிட்டு, அதற்கு அடியில் இருந்த அடுக்கை எடுத்தார். புரட்டினார். ஒன்பதாவது கேள்வியை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். நீலம், நீலம், நீலம்.

"இவங்க எல்லாரும் இருபது வருஷம் ஸ்டாண்டுல இருந்தவங்க" என்றார், கிளார்க்கைப் பார்த்து. "நீ என்கிட்ட என்ன சொன்ன? எல்லாரும் காலத்துக்கு ஏத்த மாதிரி மாறுறாங்கன்னு சொன்ன."

கிளார்க் தலையைக் குனிந்து எதையோ தேடினான்.

"நீங்களா இருந்தா என்னன்னு எழுதியிருப்பீங்க?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"ஸ்டாண்டு வண்டி. போன் வண்டி. அவ்வளவுதான் மேடம்."

அதிகாரி தாளின் ஓரத்தில் அதை எழுதிப் பார்த்தார். ராத்திரி பகலாக உட்கார்ந்தும் வராதது. பிறகு இவர்களுடைய விண்ணப்பத்தை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'சொல் மயக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வெளியே ஒரு நோட்டீஸ் ஒட்டு" என்றார் கிளார்க்கிடம். "ஒன்பதாவது கேள்விக்காக வந்தவங்க எல்லாரும் தனி வரிசையில வரட்டும். கெடு விஷயம் மேலே நான் பேசுறேன். கேப்பாங்களா தெரியல." டிரைவர் பக்கம் திரும்பினார். "ஸ்டிக்கர் ஸ்டோர்ல இருந்து வரணும். நாளைக்குக் காலையில ஒட்டுவாங்க. அதுவரைக்கும் நீலம்தான்."

"சரிங்க மேடம்."

படியிறங்கும்போது அந்த வயதானவரின் கையை டிரைவர் பிடித்து அமுக்கினார். "சொல் மயக்கம்னு சொல்லுங்க" என்றார்.

"எனக்கு மயக்கம் எல்லாம் இல்லப்பா. காலையிலதான் சாப்பிட்டேன்."

*

கீழே ரசீது வாங்கிக்கொண்டு, வண்டியை எடுத்து வளாக வாசலைத் தாண்டியபோது பின்சீட்டில் இருந்த மனைவி சொன்னாள், "யாரோ கை காட்டுறாங்க."

வாசலுக்கு வெளியே அதிகாரி நின்றிருந்தார். ஒரு கையில் கோப்பு. இன்னொரு கை உயர்ந்திருந்தது. ரோட்டில் வேறு வண்டி இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது.

டிரைவரின் கால் பிரேக்குக்குப் போனது. பத்தொன்பது வருடக் கால். வண்டி தயங்கியது. மனைவி முன்னால் சாய்ந்தாள்.

"நிறுத்துங்க. பாவம், மீட்டிங்."

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

"அந்த மாவுக்கட்டு அம்மாவுக்கே நிறுத்தலையே" என்றார்.

வண்டி நடந்து போகிற வேகத்தில் அதிகாரியின் முன்னால் வந்தது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, முன் கண்ணாடியில் இருந்த நீல ஸ்டிக்கரை இரண்டு தட்டு தட்டிக் காட்டினார்.

"நாளைக்குத்தான் மேடம்."

குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. மனைவி பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அதிகாரியின் கை இன்னும் இறங்கவில்லை. வண்டி வளைவில் திரும்பும்போதுதான் இறங்கியது. அவர் சிரித்தாரா முறைத்தாரா என்பது அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. அன்று இரவு முழுவதும் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு மொட்டை மாடியில் விரிப்பை உதறியபோது வாசலைப் பார்த்தாள். வரிசையின் கடைசியில், எட்டாவதாக, கூரையில் விளக்கு இல்லாத வண்டி. அவள் விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். இப்படி வேலை நடுவில் அவள் இறங்கி வந்தது கிடையாது.

டிரைவர் கதவைத் திறந்துவைத்து ஓட்டும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். முன் கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர். என்ஜின் அணைந்திருந்தது. சாவியைக் கையில் வைத்திருந்தார். வலது கால் மட்டும் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதை அவர் ஒரு கையால் அமுக்கிப் பிடித்திருந்தார்.

வரிசையின் முன்னாலிருந்து பிரேக் சத்தம் போட்டார்.

"என்னண்ணே, வண்டி என்ன ஆச்சு?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். பிறகு அந்த வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"நிக்குது!"